ஆளில்லாத கால்

ஆணி என் வலது காலில்தான் ஏறியது, கட்டை விரலுக்குக் கீழே சதை திரண்டிருக்குமே, சரியாக அந்த இடத்தில், ஆனால் என் காலில் ஆணி இல்லை. பஞ்சர் கடையில் ஸ்டூல் மேல் உட்கார்ந்து, காற்றடித்த டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கிக் குமிழி எங்கே வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன், காலில் செருப்பு இருந்தது, செருப்புக்குக் கீழே சிமெண்ட் தரை இருந்தது, தரையில் ஒரு மண்ணும் இல்லை, இருந்தாலும் அது ஏறியது, தோலைத் தாண்டி, சதையைத் தாண்டி, எலும்பில் போய் இடித்து நின்றது. கத்திவிட்டேன். செருப்பை உதறிக் காலைத் தூக்கி மடியில் போட்டுத் திருப்பிப் பார்த்தேன். கிரீஸ் கறை இருந்தது. ஓட்டை இல்லை, ரத்தம் இல்லை.

கடைக்கார சையது அண்ணன் நிமிர்ந்து பார்த்தார். "இன்னா சேட்டு, உனுக்கும் வந்துருச்சா?" என்றார், சளி பிடித்தவனை விசாரிக்கிற மாதிரி.

"தெரிலண்ணே."

"எரியுதா, குத்துதா?"

"குத்துது. உள்ளயே கீது. யாரும் புடுங்கல."

"அப்ப உன் கால்காரர் எவரோ ஆணிய மிதிச்சுட்டு, மிதிச்சது தெரியாம சுத்திகினு கீறாரு. ஓடு. போய்த் தேடு. டியூப நான் பாத்துக்கறேன்."

நான் நொண்டிக்கொண்டு ஓடினேன். வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது, அதனால் எங்கள் ஊரில் நடப்பதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன், நான் பத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன், சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குப் பொறுமை கிடையாது.

எங்கள் ஊர் ரைஸ் மில் ஊர். அவித்த நெல்லைச் சிமெண்ட் களத்தில் பரப்பி, உச்சி வெயிலில், காலாலேயே இழுத்து இழுத்துக் கிளறிவிடுவார்கள், தோசைக்கல் மாதிரி கொதிக்கிற அந்தத் தரையில் ஆணும் பெண்ணும் வெறுங்காலோடு வரிசை வரிசையாகப் போய் வருவார்கள். செருப்புப் போடக் கூடாது. மில்காரர் போட்ட சட்டம் இல்லை இது, களத்தில் நிற்கிறவர்களே வைத்துக்கொண்ட சட்டம், நாளைக்குச் சோறாகப் போகிற நெல்லைச் செருப்புக் காலால் மிதிப்பாயா என்று கேட்பார்கள், மிதித்த ஒருத்தனை என் நைனாவே களத்தை விட்டுத் துரத்தியிருக்கிறார். நெல் பதமாகக் காய்ந்ததா என்று பார்ப்பதும் உள்ளங்காலால்தான். இப்படி ஒரு ஆயுசு நின்ற பிறகு சர்க்கரை வரும், சர்க்கரை வந்தால் கால் மரத்துப் போகும். "கால் மரத்துப் போச்சு" என்று சொல்லிவிட்டு வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொள்வார்கள், தலை நரைத்துவிட்டது என்பதுபோல. மரத்துப் போன காலின் வலியெல்லாம் எங்கே போகிறது என்று ஊரில் ஒருத்தரும் கேட்கவில்லை.

அது பக்கத்து ஆளிடம் போனது.

முதலில் போனது மில்காரர் வீட்டு மருமகள் ஹேமலதாவிடம். ஏசி ரூமில் படுத்திருந்தவள் காலை நெருப்பில் வைத்த மாதிரி அலறி எழுந்தாள், வாளித் தண்ணீரில் காலை விட்டாள், ஐஸ் வைத்தாள், தீரவில்லை, வெயில் சாய்ந்ததும் தானாக நின்றது, மறுநாள் வெயில் ஏறியதும் மறுபடி பிடித்தது. வேலூருக்குக் காரில் கூட்டிப்போனார்கள், ஆற்றுப் பாலம் தாண்டினதுமே வலி விட்டுப்போனதால் டாக்டர் முன்னால் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாளாம், திரும்பி வரும்போது அதே பாலத்தில் வலி காருக்குள் ஏறிக்கொண்டது. பிறகு ஒரு நாள் மாடியில் நின்று காலை மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டே களத்தைப் பார்த்தவள், காலனியிலிருந்து வேலைக்கு வரும் பூங்காவனத்தம்மா கால் வைக்கும்போதெல்லாம் தன் கால் பொசுங்குவதைப் பார்த்தாள். "அந்த அம்மாவ நெழலுக்கு வரச் சொல்லுங்க" என்று கத்தினாள். பூங்காவனத்தம்மா ஒன்றும் புரியாமல் நிழலுக்கு வந்தது. எரிச்சல் நின்றது. "இப்ப வெயிலுக்குப் போவச் சொல்லுங்க" என்றாள். எரிந்தது. மறுபடி நிழல், மறுபடி வெயில். கிழவிக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாம்மா, மாட்ட ஓட்டற மாதிரி ஓட்டற?" என்றது. அந்த மருமகள், எங்கள் தெருவுக்கே ஒரு நாளும் வராதவள், படியிறங்கிக் களத்துக்கு வந்து, உட்கார்ந்து, கிழவியின் காலைத் தூக்கிப் பார்த்தாள். உள்ளங்கால் முழுக்கக் கொப்புளம், உடைந்தது பாதி, உடையாதது பாதி. பூங்காவனத்தம்மாவும் எட்டிப் பார்த்து, "அட, இது எப்ப?" என்றது.

அதற்குப் பிறகு ஊரே காலைப் பிடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் பரீட்சை எழுதும்போது திடீரென்று ஒருத்தி "அம்மா" என்று காலைத் தூக்குவாள், யாரோ ஒரு கிழவர் கருவேல முள்ளை மிதித்திருப்பார். பஜனைக் கோயில் மைக்கில் காலை பாட்டு முடிந்ததும் அறிவிப்பு வரும், "யாருக்காவது இடது சுண்டு விரல் இடுக்குல நமநமன்னு அரிப்பா இருந்தா கோயிலாண்ட வரவும், சேத்துப்புண்ணோட ஒரு அம்மா இங்க உக்காந்துகினு கீறாங்க." கோயில் மண்டபத்தில் கிழவர் கிழவிகளை வரிசையாக உட்காரவைத்துக் காலை நீட்டச் சொல்லித் துடைப்பக் குச்சியால் உள்ளங்காலில் குத்துவார்கள், குத்துப்பட்டவர் வெற்றிலை மென்றுகொண்டிருப்பார், எதிரே நிற்கிற கூட்டத்தில் எவன் துள்ளுகிறானோ அவனுக்கு அவர் கால்காரர். வீட்டுக்காரர், கடைக்காரர் மாதிரி கால்காரர். பெண் பார்க்க வந்தவர்கள் நகை நட்டு பேசி முடித்ததும், பொண்ணுக்குக் கால்காரர் யாராவது உண்டா, அவருக்குச் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டார்கள். எவனும் சொந்த அம்மாவுக்கு வாங்கித் தராத, சர்க்கரைக்காரர்கள் போடுகிற மெத்தென்ற எம்சிஆர் செருப்பை முன்பின் தெரியாத கிழவிக்கு வாங்கிக் காலில் மாட்டிவிட்டான். நகம் வெட்டினார்கள், ஓரம் வளைக்காமல் நேராக வெட்டினார்கள், வளைத்து வெட்டினால் நகம் சதையில் ஏறும், ஏறினால் கத்தப்போவது வெட்டினவன்தானே. வெடித்த குதிகாலுக்கு எண்ணெய் தடவினார்கள். இதெல்லாம் அன்பு இல்லை. பிறகு சில பேருக்கு அன்பாகவும் ஆயிற்று, அதை நான் மறுக்கவில்லை.

கிழடுகளுக்கும் கொழுப்பு ஏறியது. எத்திராஜ் என்று ஒரு பெரியவர், பெண்சாதி பிள்ளை கிடையாது, அவர் வலி காலேஜ் படிக்கிற முரளிக்குப் போயிருந்தது. அவர் முரளி வீட்டு வாசலில் இருக்கும் ஆட்டுக்கல் பக்கத்தில் போய் நின்றுகொள்வார்.

"பீடி குடுக்கறியா, இத ஒதைக்கட்டுமா?"

"யோவ், நேத்துதானே ஒரு கட்டு குடுத்தேன்?"

"அது நேத்து."

முரளி பீடி வாங்கித் தருவான். ஊரே சிரிக்கும். நானும் சிரித்தேன்.

முரளி ஒரு நாள் பெட்டியை எடுத்துக்கொண்டு மெட்ராஸ் பஸ் ஏறினான். பாலம் தாண்டியதும் அவன் கால் அவன் காலாகிவிட்டது. இங்கே எத்திராஜ் ஆட்டுக்கல்லை உதைத்தார், வீட்டுக்குள்ளிருந்து சத்தம் வரவில்லை, இன்னும் ஓங்கி உதைத்தார், வரவில்லை, ரத்தம் வழிகிற காலோடு தெரு முழுக்க நடந்து கண்ணில் பட்ட கல்லையெல்லாம் உதைத்தார், எவனும் கத்தவில்லை. வேற யாருக்காவது போயிருக்கும் என்று நாங்கள் நினைத்தோம். வேற யாருக்கும் போகவில்லை. நாற்றம் வந்த பிறகுதான் அவர் வீட்டுக் கதவைத் தள்ளிப் பார்த்தார்கள், கால் முழங்கால் வரைக்கும் கறுத்திருந்தது, விரல் இடுக்கில் எறும்பு ஏறிக்கொண்டிருந்தது, அவர் அதைப் பார்த்துக்கொண்டே, "எவனுக்காவது கடிக்குதா பாருங்கடா" என்று கேட்டாராம். அந்த வாரமே போய்விட்டார். அன்றையிலிருந்து ஊரில் இன்னொரு சொல் வந்தது. ஆளில்லாத கால். அதைச் சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை. வலி தாங்காமல் பாலம் தாண்டுகிறவர்கள் தாண்டிக்கொண்டுதான் இருந்தார்கள், ஆனால் பகல் பஸ்ஸில் போகாமல் விடிகாலை பஸ்ஸில், முகத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

இவ்வளவும் தெரிந்தவன்தான் அன்றைக்கு ஆணியோடு தெருவில் ஓடினேன். டீக்கடை பெஞ்சில் இருந்த கிழவர்களின் காலையெல்லாம் கேட்காமல் தூக்கித் திருப்பினேன். "டேய், டீ கொட்டுதுடா" என்றார் ஒருத்தர். ரேஷன் கடை வரிசையில் நின்ற ஆயாக்களை ஒற்றைக் காலில் நிற்கவைத்தேன். பூங்காவனத்தம்மா, ஹேமலதா வாங்கிக் கொடுத்த நீலச் செருப்பைக் கழற்றித் தானாகவே காலைக் காட்டி, "என்துல்ல கண்ணு, எனுக்குத்தான் ஆளு கீதே" என்றது, பெருமையாகத்தான் சொன்னது. பூசாரி மைக் போட்டார். "ஆணி மிதிச்ச பெரியவங்க யாரா இருந்தாலும் இருந்த எடத்துலயே நிக்கவும், நடக்க வேணாம், நம்ம கன்னியப்பன் மவன் சேட்டுக்குத் தாங்கல." யாரும் நிற்கவில்லை. வலி நடந்துகொண்டே இருந்தது.

எங்கள் வீட்டை நான் நினைக்கவே இல்லை. வலி ரத்த சொந்தத்துக்குள் போகாது, வெளியாளுக்குத்தான் போகும் என்று ஊரில் ஒரு பேச்சு, அதுவரை அப்படித்தான் நடந்திருந்தது. அதைவிட, நைனாவுக்குக் கால் மரத்துப் போகவில்லை. பெரிய மில் களத்தில் பதம் பார்க்கிறவரே அவர்தான். அவர் நெல் மேல் நின்று கண்ணை மூடி, "இன்னும் ஒரு கிளறு" என்றால் இன்னும் ஒரு கிளறு, "அள்ளு" என்றால் அள்ளு.

கோயில் படியில் உட்கார்ந்து காலைப் பிடித்துக்கொண்டு அழுதபோதுதான் அந்த வலியின் நடையைக் கவனித்தேன். சாதாரணமாக நடக்கிற நடையாக இல்லை. இழுத்து இழுத்துப் போனது, ஓரத்தில் ஒரு திருப்பம் திரும்பியது, மறுபடி இழுத்து இழுத்து வந்தது, திரும்பும் இடத்தில் வலது பாதத்தை அழுத்தி ஒரு சுழற்று. அந்தச் சுழற்றை நான் நடக்கப் பழகினதிலிருந்து பார்த்திருக்கிறேன். எழுந்து மில்லுக்கு ஓடினேன், ஓட ஓட, யாராவது வேறு ஒருத்தராக இருக்கட்டும், யாராவது வேறு ஒருத்தராக இருக்கட்டும் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன். யாராக இருந்தாலும் எவனோ ஒருத்தனுக்கு நைனாதான், அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

வானம் மூடியிருந்ததால் அன்றைக்குக் களம் சுடவில்லை, நைனா தனியாக நெல் கிளறிக்கொண்டிருந்தார், மற்றவர்கள் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். அவர் காலை இழுக்கும்போது நெல்லுக்கு அடியில் கீச்சென்று சத்தம் வந்தது. நெல் விலகின இடத்தில் சிமெண்டில் வெள்ளைக் கோடு விழுந்திருந்தது, களத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும், திரும்பி, மறுபடி இந்த முனை வரைக்கும், கோடு கோடாக.

"நைனா, நில்லு."

"இன்னாடா, கடைய உட்டுட்டு?"

"நில்லுன்றேன்ல. கால தூக்கு."

அவர் முகம் மாறியது. "கல்லு ஏதோ மாட்டிகினு கீது போல. கீச்சு கீச்சுன்னுது" என்றார்.

நெல் மேலேயே அவரை உட்காரவைத்தேன். காலைத் திருப்பினேன். ஆணியின் தலை தேய்ந்து பளபளவென்று காசு மாதிரி இருந்தது. சுற்றிலும் சதை வெள்ளையாக ஊறியிருந்தது. கடைக் குறடு என் பாக்கெட்டிலேயே இருந்தது. குறட்டால் தலையைக் கவ்வினேன், கவ்வினதும் என் கண் இருட்டியது. இழுத்தேன். நான்தான் இழுத்தேன், நான்தான் கத்தினேன். நைனா காலை ஆட்டாமல் அசைக்காமல் நீட்டிக்கொண்டு, வேறு யாருடைய மாட்டுக்கோ லாடம் கழற்றுகிற மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார். ஆணி வந்துவிட்ட பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார், பார்த்தவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எப்பலேர்ந்து நைனா?"

"எதுடா?"

"கால்."

அவர் நெல்லை ஒரு கை அள்ளி விரலால் தேய்த்தார். "போன வருசம் பொங்கலுக்கு முன்னாடியே போச்சு. வலி எவனுக்கும் போவல போல, ஒருத்தனும் தேடிகினு வரல. கையால பாத்துட்டு, காலால பாத்த மாதிரி சொல்லிகினு இருந்தேன். யார்கிட்டயும் சொல்லாத."

ஆஸ்பத்திரியில் கிரேஸ் சிஸ்டர் புண்ணைச் சுத்தம் பண்ணும்போது நைனா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார், நான் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மருந்து எரிகிறதா என்று சிஸ்டர் என்னைத்தான் கேட்டது, எங்கள் ஊர் நர்சுகளுக்கு அது பழகிவிட்டது. ஊசி போட்டது, மாத்திரை கொடுத்தது, பிறகு என்னை உட்காரவைத்துச் சொன்னது. தினம் சாயங்காலம் காலைப் பார்க்கணும், மேலே மட்டும் இல்லை, அடியில், விரல் இடுக்கில். கழுவுகிற தண்ணீரில் முதலில் உன் முழங்கையை வை, அவரைக் கால் வைத்துச் சூடு பார்க்கச் சொல்லாதே. இடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. எண்ணெய் குதிகாலுக்கு, இடுக்குக்கு வேண்டாம். செருப்பை உதறாமல் போட விடாதே. வீட்டுக்குள்ளேயும் வெறுங்கால் கூடாது. களம் கூடவே கூடாது. பாதம் தடித்து ஆணிக்கால் வந்தால் பிளேடு எடுக்காதே, சுண்ணாம்பு தடவாதே. வாரா வாரம் கூட்டி வா.

"வலி எப்ப நிக்கும் சிஸ்டர்?"

சிஸ்டர் புண்ணின் மேல் துணிக் கட்டுப் போட்டு முடித்தது. "கொஞ்சம் கொஞ்சமா கொறைஞ்சா நல்லது. ஒரே நாள்ல பொசுக்குன்னு நின்னா சந்தோஷப்படாத. கால தூக்கிகினு இங்க ஓடி வா."

அதற்குப் பிறகு எனக்கு இரண்டு பயம். வலிக்கும்போது ஒரு பயம், வலிக்காதபோது ஒரு பயம். டயரைக் கழற்றிக்கொண்டிருக்கும்போது வலி கொஞ்சம் ஓய்ந்தால், கறுப்பு ஏறிவிட்டதோ என்று கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடுவேன், நைனா கட்டிலில் காலை நீட்டித் தூங்கிக்கொண்டிருப்பார். அம்மா தண்ணீர் காய்ச்சித் தரும், நான் முழங்கையை வைத்துப் பார்த்துக் கழுவுவேன், துண்டு நுனியை முறுக்கி ஒவ்வொரு இடுக்காகத் துடைப்பேன், அம்மாவின் முகம் பார்க்கிற கண்ணாடியைக் காலடியில் பிடித்து நைனாவுக்கே காட்டுவேன். அவர் பார்க்க மாட்டார். "அத எதுக்குடா எனுக்குக் காட்ற, அது ஏதோ செத்த கால்" என்பார். மோந்து பார்க்கக்கூட ஆரம்பித்தேன். அசிங்கமாகத்தான் இருக்கும், இருந்தாலும் எத்திராஜ் வீட்டு நாற்றம் என் மூக்கை விட்டுப் போகவில்லை.

ஊர் இதையும் எடுத்துக்கொண்டது. சொந்த மகனுக்கே போயிருக்கு என்று கேள்விப்பட்டு, பிள்ளைகளை வெளியூருக்கு அனுப்பியிருந்தவர்கள் எங்கள் வாசலில் வந்து நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். "குடுத்து வெச்சவன் கன்னியப்பன்" என்றாள் ஒருத்தி. நைனா அதைக் கேட்டார். நான் காலைப் பிடித்துக்கொண்டு பல்லைக் கடிப்பதையும் அவர் தினம் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரு மத்தியானம் என் உள்ளங்கால் இரண்டும் ஒரே நேரத்தில் தீப்பிடித்தன. எங்கே என்று தேட வேண்டியிருக்கவில்லை. சையது அண்ணன் வண்டியில் வைத்துக் கூட்டிப்போனார். நைனா களத்தின் நடுவில், காலில் போட்டிருந்த கட்டை அவிழ்த்துப் போட்டுவிட்டு, வெறுங்காலோடு, வேலை எதுவும் செய்யாமல் நின்றுகொண்டிருந்தார். அவரைத் தூக்கி நிழலில் போட்டோம். நான் திட்டின திட்டு ஒன்றும் எழுதுகிற மாதிரி இல்லை. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர் சொன்னார்:

"திட்டாத. ஒரு தடவ சுட்டுடிச்சுன்னா போதும்னு பாத்தேன். எனுக்குச் சுட்டுடிச்சுன்னா உனுக்கு வராதில்ல. எவ்ளோ நேரம் நிக்கறதுடா, ஜில்லுன்னு கீது. பயமா கீதுடா சேட்டு, பூமியே இல்லாத மாதிரி கீது."

அப்பா பயமா இருக்கு என்று சொல்லி நான் கேட்டதில்லை. அவிழ்ந்து கிடந்த கட்டை எடுத்து மறுபடி அவர் காலில் சுற்றினேன்.

அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டார். பெங்களூரில் மாமா பேக்கரி வைத்திருக்கிறார், அங்கே போ என்றார். நான் மாட்டேன் என்றேன். "எத்திராஜ் எப்படிச் செத்தாரு, பாத்தியா இல்லியா?" என்று கேட்டேன்.

"அவுரு கெழவன், நானும் கெழவன். நீ இன்னும் மீசையே மொளைக்காதவன். என் கால சொமக்கறதுக்கா உன்னப் பெத்தேன்?"

"களத்துக்குப் போவ மாட்டேன்னு சத்தியம் பண்ணு, போறேன்."

"போவ மாட்டேன். செருப்பு போட்டுக்கறேன். ஒங்கம்மா பாத்துப்பா. போதுமா?"

அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு, "நான் யாரு பக்கம் பேசறது, என்னை எதுவும் கேக்காதீங்க" என்றது. பஸ் ஸ்டாண்டுக்கும் வரவில்லை.

எனக்கும் போக ஆசையாக இருந்தது. பொய் சொல்லவில்லை. வலிக்காத கால் எப்படி இருக்கும் என்பதே எனக்கு மறந்துவிட்டது, பந்து உதைத்து எத்தனையோ நாள் ஆயிற்று. நைனா எம்சிஆர் செருப்பை உதறிப் போட்டுக்கொண்டு, என் பையைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார், அவர் வைத்த ஒவ்வொரு அடியும் பக்கத்தில் நடந்த என் காலில் விழுந்தது. பஸ்ஸில் ஏறி எனக்கு ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு இறங்கினார், இறங்கி, கீழே நின்று ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பாலம் வரைக்கும்தான் நோவும். நடுவுல எது ஆனாலும் உக்காந்தே இரு. எழுந்துக்காத. இன்னா, கேக்குதா?"

"கேக்குது."

"உக்காந்தே இரு."

பஸ் கிளம்பியது. நைனா திரும்பி நடந்தார், பார்க்காமலே எனக்குத் தெரிந்தது, புண்ணின் மேல் செருப்பின் மெத்தை அமுங்கி அமுங்கி எழுந்தது. கடைத்தெரு தாண்டியது, பெட்ரோல் பங்க் தாண்டியது, பாலத்தின் மேல் பஸ் ஏறியதும் வலி மெலிந்தது, தூரம் போகப் போக மைக் பாட்டு தேய்கிற மாதிரி மெலிந்துகொண்டே போனது, எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணும், முன்சீட்டில் இருந்த இரண்டு பையன்களும் ஒரே நேரத்தில் பெருமூச்சு விட்டார்கள், நானும் விட்டேன். என் கால் விரலை மடக்கிப் பார்த்தேன். சும்மா மடங்கியது. அவ்வளவு நன்றாக இருந்தது.

அப்போது சுட்டது. இரண்டு உள்ளங்காலிலும், லேசாக, மூடின கதவுக்கு அந்தப் பக்கம் யாரோ அடுப்பு பற்றவைத்த மாதிரி. வீட்டுக்குப் போகிற வழியில் களத்தைத் தாண்டித்தான் போகணும், நைனா அங்கே செருப்பைக் கழற்றிவிட்டார். மணி பன்னிரண்டுகூட ஆகவில்லை, வெயில் இனிமேல்தான் ஏறும். சூடு குறைந்துகொண்டே வந்தது. அங்கே குறையவில்லை, எனக்குத்தான் குறைந்தது. பாலத்தின் அந்த முனைக்கு இன்னும் நாலைந்து விளக்குக் கம்பம்தான் பாக்கி. அதையும் தாண்டிவிட்டால் நைனா அங்கே நின்றுகொண்டே இருப்பார், சுட்டுடிச்சா சுட்டுடிச்சா என்று நின்றுகொண்டே இருப்பார், இந்த உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியாது.

முன்சீட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டேன். பக்கத்திலிருந்த பெண் என்னை ஒரு மாதிரி பார்த்தது, என்ன என்று அதற்குத் தெரிந்திருக்கும், அது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டது.

"தம்பி, உக்காரு" என்றார் கண்டக்டர். "பாலம் முடியற வரைக்கும் உக்காரு."

நான் உட்காரவில்லை.